கம்மிக்காரர்

கம்மிக்காரர் என்றோர் இனம் நம்மிடையே வாழ்கிறது. ஈப்போவில் அதிகம். சிம்பாங் பூலாயில் இன்னும் அதிகம். பெரும்பாலும் ஆண்கள், வயது ஐம்பத்தைந்துக்கு மேல், வாழிடம், தலைக்கு நேர் மேலே காற்றாடி சுழலும் உணவுக்கடை மேசை. அடையாளம் காண்பது சுலபம். உட்கார்ந்தவுடன், ‘தே கூராங் மானிஸ்’ என்று, தேநீரில் இனிப்பைக் குறைக்கச் சொல்லி உரக்கக் கேட்பார். பக்கத்து மேசைக்கும் அது கேட்க வேண்டும். பிறகு அந்த இனிப்புக் குறைந்த தேநீரை மூன்று கோப்பை குடிப்பார். கூடவே இரண்டு ரொட்டி சானாய். அதற்குக் குழம்பை ஊற்றச் சொல்லும்போதும், எண்ணெய் மிதக்காத இடமாகப் பார்த்து அள்ளச் சொல்வார். கம்மியாக வாழ்கிறவர் அல்லவா?

உடம்பை அவர் உடம்பாக அறிய மாட்டார். எண்ணாக அறிவார். சர்க்கரை எவ்வளவு, இரத்த அழுத்தம் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று கேளுங்கள். பள்ளிப் பிள்ளை வாய்ப்பாடு சொல்வது போலச் சொல்வார். உங்கள் உள்ளங்கால் என்ன நிறம் என்று கேளுங்கள். தெரியாது. இருபது ஆண்டுகளாக அரசாங்கக் கிளினிக்கில் அவருக்குச் சொல்லப்பட்டது ஒன்றே ஒன்று: குறைக்க வேண்டும். சர்க்கரை இறங்க வேண்டும், அழுத்தம் இறங்க வேண்டும், கொழுப்பு இறங்க வேண்டும். எனவே உலகத்தில் எந்த எண்ணும் இறங்கினால் நல்லது, ஏறினால் கெட்டது. இதுவே அவருடைய மருத்துவ அறிவின் முதலும் முடிவும்.

இரத்தப் பரிசோதனை அவருக்குத் தேர்வு. மூன்று மாதம் இஷ்டம் போல இருந்துவிட்டு, கடைசி மூன்று நாள் பாகற்காயும் வெறும் தண்ணீருமாக நோன்பிருந்து, நான்காம் நாள் காலை கையை நீட்டி, ஆறு புள்ளி ஒன்று என்று வாங்கிக்கொண்டு, அன்று மதியமே பிரியாணிக் கடையில் வெற்றி விழா நடத்துவார். மூன்று மாதச் சராசரியைச் சொல்லிவிடும் இன்னொரு சோதனை இருக்கிறது. அது வேறு கதை சொல்லும். அந்த மெஷின் சரியில்லை என்பார்.

நான் மிக அருகில் இருந்து கவனித்த கம்மிக்காரர் பெயர் ஐயாவு. கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பதினாறு வயதில் பால் வெட்டத் தொடங்கி, தோட்டத்தை அழித்து வீடுகள் கட்டிய பிறகு சிம்பாங் பூலாய்க்குக் குடிவந்து, ஒரு தொழிற்சாலை வாசலில் காவலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தெட்டு. போன ஆண்டு ஆகஸ்டில் இடது கால் போனது. அக்டோபரில் ஆள் போனார். என் அப்பா.

கம்மிக்காரர் எதையும் விட மாட்டார். குறைப்பார். அப்பா நாற்பது ஆண்டுகள் சிகரெட்டைக் குறைத்துக்கொண்டே இருந்தார். இருபதிலிருந்து பதினைந்து. பதினைந்திலிருந்து பத்து. ‘எட்டாக்கிட்டேன்’ என்று ஒரு தீபாவளிக்கு அறிவித்தார். நாங்கள் கைதட்டினோம். காலின் இரத்தக்குழாயை அடைப்பதற்கு எட்டு போதும் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. சர்க்கரை ஒரு பக்கம், புகை ஒரு பக்கம், அழுத்தம் ஒரு பக்கம் என்று மூன்று ஆட்கள் வேலைக்கு நிற்கும்போது, ஒருவனுக்கு அரை நாள் விடுப்புக் கொடுத்தால் வேலை நின்றுவிடுமா?

அவர் உண்மையிலேயே குறைத்தது ஒன்று. நடை. அதை மட்டும் அவர் அறிவிக்கவில்லை.

எங்கள் வீட்டிலிருந்து மதார் சாகிப்பின் உணவுக்கடைக்கு முந்நூறு மீட்டர். முதலில் ஒரே மூச்சில் போனார். பிறகு பாதி வழியில் நின்று, சாக்கடையில் மீன் இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினார். சாக்கடையில் மீன் கிடையாது. இரண்டு நிமிடம் பார்ப்பார், போவார். அடுத்த வருடம் மூன்று நிறுத்தங்கள்: சாக்கடை, யாரோ ஒருவர் வீட்டு ரம்புத்தான் மரம், விற்பனைக்கு என்று பலகை மாட்டிய காலி வீடு. அந்த வீட்டை வாங்கப் போகிறாரோ என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். நடந்தால் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், நின்றால் விட்டுவிடும், மறுபடி நடந்தால் அதே தூரத்தில் மறுபடி பிடிக்கும். இதைவிடத் தெளிவாக ஒரு நோய் தன்னை அறிமுகம் செய்துகொள்ள முடியாது. புறத்தமனி நோய் என்று அதற்கு முறையான பெயரும் இருக்கிறது. கம்மிக்காரர் அதை வயசு என்பார். அல்லது காற்று என்பார். ‘மலைக்காட்டுல நானூறு மரம் ஏறி எறங்கி வெட்டுன காலு. சும்மா பிடிக்குது’ என்று தொடையைத் தட்டிக் காட்டுவார். வலி கெண்டைக்காலில். தட்டுவது தொடையில்.

கம்மிக்காரர்கள் கூட்டமாக வாழ்பவர்கள். அப்பாவின் கூட்டத்தில் நான்கு பேர். லோரி ஓட்டி ஓய்வு பெற்ற சன்னாசி. பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த ஜெயபாலன். கூட்டத்தில் ஆங்கிலம் படிப்பவர் அவர் என்பதால் மருந்துச் சீட்டுகளுக்கு உரையாசிரியரும் அவரே. நான்காவது, கடை உரிமையாளர் மதார் சாகிப். அவர் நாள் முழுக்கக் கல்லாவுக்கும் அடுப்புக்கும் நடக்கிறவர், புகைப்பதில்லை, கம்மிக்காரர் இல்லை. இடம் கொடுத்த பாவத்துக்குக் கூட்டத்தில் சேர்க்கப்பட்டவர்.

போன ஆண்டு பிப்ரவரியில் பொது மண்டபத்தில் இலவச உடல் பரிசோதனை என்று அறிவிப்பு வந்தது. இலவசமாக எண்கள் தருகிறார்கள் என்றால் கம்மிக்காரர் வீட்டில் இருப்பாரா? நால்வரும் கிளம்பினார்கள். பின்னால் என் அம்மா வீரம்மா. கார் நிறுத்திய திடலிலிருந்து மண்டபத்துக்கு இருநூறு மீட்டர் இருக்கும். எண்பது மீட்டரில் அப்பா நின்று ஒரு கொடிக்கம்பத்தைப் பார்த்தார். உடனே சன்னாசியும் நின்றார். அவருக்கும் அது தேவைப்பட்டது. ஜெயபாலன் மரியாதைக்கு நிற்பவர் போல நின்று கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். மூவரும் ஒருவருக்காக ஒருவர் நிற்பதாக நினைத்துக்கொண்டு, ஒருவரையொருவர் பெரிய மனதோடு பொறுத்துக்கொண்டார்கள். மதார் சாகிப் மட்டும் முன்னால் போய்த் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அம்மா எனக்குப் பிறகு சொன்னது: ‘சாமி தேரு மாரி நின்னு நின்னு போனாங்க. சூடம் காட்டத்தான் ஆளில்ல.’

மண்டபத்தில் வழக்கமான எண்களோடு புதிதாக ஓர் எண் கொடுத்தார்கள். படுக்க வைத்து, கையில் பட்டையைக் கட்டி அழுத்தம் பார்த்தார்கள். பிறகு அதே பட்டையைக் கணுக்காலில் கட்டி, களிம்பு தடவி, சின்னக் கருவி ஒன்றை வைத்து இரத்தம் ஓடும் ஓசையைக் கேட்டார்கள். கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து, விடையை அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள்.

கணக்கு எளியது. நான் கோலாலம்பூர் பக்கம் குடிநீர்க் குழாய்களில் அழுத்தம் அளக்கும் வேலையில் இருக்கிறேன். தினமும் செய்கிற கணக்கு. தொட்டியருகே உள்ள அழுத்தம் கடைசி வீட்டிலும் கிட்டத்தட்ட வர வேண்டும். பாதிதான் வருகிறது என்றால் நடுவில் குழாய் அடைத்திருக்கிறது. தோண்டிப் பார்க்க வேண்டும். காலுக்கும் அதேதான். விடை ஒன்றை ஒட்டி இருந்தால் நல்ல குழாய். புள்ளி ஒன்பதுக்குக் கீழே இறங்கினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்த ஓர் எண் இறங்கக் கூடாது.

அப்பாவின் அட்டையில் இருந்தது புள்ளி ஐந்து இரண்டு. தாதிப்பெண் மலாயில், கட்டாயம் டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறாள். அப்பா ‘போலே, போலே’, ஆகட்டும் ஆகட்டும் என்று தலையாட்டிவிட்டு வந்தார். எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லுவாள் அந்தப் பெண் என்பது அவர் முடிவு.

அன்று மாலை கடையில் அட்டைகள் மேசைமேல் வைக்கப்பட்டன. சன்னாசிக்குப் புள்ளி ஏழு ஒன்று. ஜெயபாலனுக்குப் புள்ளி ஆறு நான்கு. அப்பாவுக்குப் புள்ளி ஐந்து இரண்டு. மதார் சாகிப்புக்கு ஒன்று புள்ளி பூஜ்யம் எட்டு.

யார் வென்றது என்று சொல்ல வேண்டுமா?

அப்பாவைக் காற்றாடிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தோட்டத்துக் கால் தோட்டத்துக் கால்தான் என்று சன்னாசி தன் தோல்வியை ஒப்புக்கொண்டார். லோரியில் உட்கார்ந்தே ஓட்டியதால்தான் தனக்கு ஏறிவிட்டதாம். பிறகு மூவரும் சேர்ந்து மதார் சாகிப்பைப் பிடித்துக்கொண்டார்கள்.

‘பாய், ஒன்னத் தாண்டிருச்சு’ என்றார் ஜெயபாலன், குரலைத் தாழ்த்தி. ‘இது வெளையாட்டு இல்லலா. மொதல்ல ஒங்க கடைக் கறிய நீங்க திங்கறத நிறுத்துங்க.’

மதார் சாகிப் பயந்த மனிதர். அன்றிரவே சோற்றை நிறுத்தினார். வெந்தயம் ஊறவைத்துக் குடித்தார். நெஞ்சில் கைவைத்துப் பார்த்துக்கொண்டார். நடந்தால் நிற்க வேண்டியிருக்கிற மூன்று பேர், நாள் முழுக்க நடக்கிற ஒருவருக்கு நடைப்பயிற்சியின் பயனை எடுத்துச் சொன்னார்கள். அவரும் குறித்துக்கொண்டார். மறுவாரம் பொறுக்க முடியாமல் ஈப்போவில் ஒரு கிளினிக்குக்குப் போனார். அங்கே டாக்டர் அட்டையைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்.

திரும்பி வந்தவர் நேராக மேசைக்கு வந்து நின்றார். ‘ஐயாவு, நம்ம மாத்திப் படிச்சிட்டோம்லா. இதுல மட்டும் கூட இருந்தாத்தான் நல்லதாம். ஒங்களது ரொம்பக் கீழயாம். ஒடனே வரச் சொல்றாரு. நான் கார் எடுக்கறேன், போலாம்.’

இந்த இடத்தில் நிறுத்துங்கள். ஒருவரின் கால் அந்த மேசையில் இருந்தது. அதைக் காப்பாற்றும் செய்தியும் அந்த மேசைக்கு வந்து சேர்ந்துவிட்டது. வாசலில் கார் நின்றது. அப்பா எழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

‘பாய்க்குத் தோத்தது மனசு ஆறல’ என்றார் அப்பா.

மேசை சிரித்தது. எண் கூட இருந்தால் டாக்டர்கள் கம்மி செய்யச் சொல்வார்கள், கம்மியாக இருந்தால் கூட்டச் சொல்வார்கள், அவர்களுக்கும் பிழைப்பு நடக்க வேண்டுமே என்று ஜெயபாலன் உரை எழுதினார். மதார் சாகிப் இன்னும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு ஒருவர் ரொட்டி கேட்க, உள்ளே போய்விட்டார். கேலிக்கு ஆளான பிறகு ஒரு நல்ல செய்தியை எத்தனை முறைதான் சொல்ல முடியும்?

மே மாதம் சன்னாசியின் பேத்தி கல்யாணம். அப்பா புது சப்பாத்து வாங்கினார். கல்யாண மண்டபத்தில் காலை முதல் மாலை வரை போட்டிருந்தார். வீட்டுக்கு வந்து கழற்றியபோது இடது காலின் சுண்டுவிரல் தோலுரிந்து, காலுறை அதில் ஒட்டியிருந்தது. வலிக்கவில்லை. சர்க்கரை அங்கே உணர்ச்சியை எப்போதோ தின்றுவிட்டது. வலிக்காததால் அது புண் இல்லை. கடல் அட்டையிலிருந்து எடுக்கும் காமாட் எண்ணெய் தடவினார். மஞ்சள் அரைத்துப் பூசினார். ஆறாத புண்ணைப் பற்றி அம்மா பேச்செடுத்தபோதெல்லாம், சர்க்கரை காலையில் ஆறு புள்ளி நான்கு என்று பதில் சொன்னார். இரத்தம் போகாத இடத்துக்கு எண்ணெயும் மஞ்சளும் என்ன செய்யும்? தண்ணீர் வராத குழாயின் வாயைப் பளபளவென்று துலக்குகிற வேலை.

ஜூலையில் படுத்தால் பாதம் எரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டபடி தூங்கப் பழகினார். கீழே தொங்கினால் கொஞ்சம் இரத்தமாவது இறங்கும், அதனால்தான் சுகம். அவர் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். இப்படி உட்கார்ந்தால் வலி கம்மி.

விரல் கறுத்த பிறகு அம்மா என்னை அழைத்தாள். நான் வந்தேன். அறையில் நுழைந்ததும் வாடை தெரிந்தது. மருத்துவமனையில் டாக்டர் துளசி என்ற இளம் பெண் அறுவை மருத்துவர், கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, நடந்தால் வலிக்குமா, எத்தனை நாளாக, முன்பு யாராவது காலில் அழுத்தம் பார்த்தார்களா என்று வரிசையாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்கு அப்பாவின் முகம் மலர்ந்தது. சட்டைப் பையில் கைவிட்டு, ஐந்து மாதமாக மடித்து வைத்திருந்த அட்டையை எடுத்து நீட்டினார்.

‘பாருங்க டாக்டர். கம்மியாத்தான் இருக்கு.’

துளசி அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அப்பா அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

‘ஐயா, இது மட்டும் கூட இருக்கணும்.’

அப்பா அட்டையைத் திரும்ப வாங்கி, இருந்த மடிப்பிலேயே மடித்தார்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தொடை வழியாகக் கம்பி விட்டுக் குழாயைத் திறந்து பார்த்தார்கள்; கீழே திறக்க இடம் இல்லை. பிப்ரவரியில் வந்திருந்தால் இருந்திருக்குமா என்று கேட்டேன். இருந்திருக்கலாம் என்றார் துளசி. முதலில் விரலை எடுத்தார்கள். பத்து நாளில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அப்பா சக்கர நாற்காலியில் வீட்டுக்கு வந்தார். காலில் அடைத்த குழாய் காலில் மட்டும் அடைத்திருப்பதில்லை. அதே இரத்தம், அதே புகை, அதே சர்க்கரை இதயத்துக்கும் மூளைக்கும் போகிறது. இந்த நோய்க்காரர்களில் காலை இழப்பவர்களைவிட மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் போகிறவர்கள் அதிகம். கால் ஒரு தகவல் பலகை, அவ்வளவுதான். படிக்கிறவர் படித்தால் உண்டு. அக்டோபர் ஒன்பதாம் தேதி காலை பசியாறும்போது அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

கருமாதிக்கு நண்பர்கள் வந்தார்கள். சன்னாசி முந்தைய மாதமே போய்க் காலைக் காட்டி, பலூன் விட்டுக் குழாயைத் திறந்துகொண்டு வந்திருந்தார். சிகரெட்டைக் குறைக்கவில்லை; விட்டிருந்தார். வாசலிலிருந்து கூடாரம் வரை நிற்காமல் நடந்து வந்தார். அப்படி நடந்து வந்ததற்கு வெட்கப்பட்டவர் போலத் தலைகுனிந்து உட்கார்ந்தார். மதார் சாகிப் பின்வரிசையில் இருந்தார். நான் அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஜெயபாலனிடம், நீங்கள் எப்போது போகிறீர்கள் அங்கிள் என்று கேட்டேன்.

‘ஒங்கப்பாவுக்குப் புள்ளி அஞ்சு ரெண்டும்மா’ என்றார் அன்பாக. ‘ரொம்பக் கம்மி. எனக்குப் புள்ளி ஆறு நாலு. கூடத்தான் இருக்கு.’

பார்த்தீர்களா? எண்ணின் திசையையே மாற்றிக்கொண்டார். ஆளின் திசை மாறவில்லை. இந்த இனத்தை அழிக்க முடியாது. கால் போகும், ஆள் போவார், இனம் உட்கார்ந்திருக்கும்.

ஆனால் அது தனியாக உயிர் வாழ முடியாத இனம் என்பதையும் சொல்ல வேண்டும். தன் எண்ணைத் தனக்கே சொல்லிக்கொண்டு எந்தக் கம்மிக்காரரும் மகிழ முடியாது. கேட்க ஒருவர் வேண்டும். கேட்டுவிட்டுத் தலையாட்ட வேண்டும். அப்படிக் கேட்பவர்கள் அந்த இனத்தின் இன்னொரு கிளை. படித்தவர்கள், ஊருக்கு வெளியே வேலையில் இருப்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீட்டுக்குப் பேசுபவர்கள்.

பரிசோதனை நடந்த மறுநாள் ஞாயிறு. நான் துணி காயப்போட்டுக்கொண்டே பேசினேன். அப்பா உற்சாகமாக இருந்தார்.

‘எல்லாமே கம்மிதாம்மா. கையிலயும் கால்லயும் பிரஷர் எடுத்து வகுத்துப் போட்டாங்க. புள்ளி அஞ்சு ரெண்டு. எங்க செட்டுலயே நாந்தான் கீழ.’

கை, கால், அழுத்தம், வகுத்தல், புள்ளி ஐந்து இரண்டு. எல்லாவற்றையும் அவர் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. இதே எண் ஒரு குழாயிலிருந்து வந்திருந்தால் அடுத்த மணி நேரத்தில் ஆள் அனுப்பித் தோண்டியிருப்பேன்.

‘நல்லதுப்பா’ என்றேன்.

நீங்கள் கடைசியாக எப்போது வீட்டுக்குப் பேசினீர்கள்? உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டிருப்பீர்கள். நல்ல பிள்ளைகள் கேட்பார்கள். அவர்களும் ஏதோ சொல்லியிருப்பார்கள்.

நீங்கள் என்ன சொன்னீர்கள்?